பிரியாணி பில்லும் எட்டு பைட் கையெழுத்தும்

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு ஆம்பூரைச் சாப்பிடாமல் தாண்டிப்போக மனம் வருவதில்லை. விறகடுப்பில் தம் போட்டு இறக்கிய சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஆற்காட்டு நவாபின் சமையற்கட்டிலிருந்து வந்த பக்குவம் என்பது ஊர்ப் பேச்சு. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் இந்தச் சாப்பாட்டு மேசைகளுக்கு லாரி ஓட்டுநரும் வருவார், தோல் மண்டிக்காரரும் வருவார், ஷூ ஆர்டர் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து வந்தவரும் வருவார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், சர்வர் பில்லோடு உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றையும் கொண்டுவருகிறார். கார்டை மேலே காட்டுகிறோம். ஒரு பீப் சத்தம், ஒரு சீட்டு. மூன்று நொடியில் வேலை முடிந்தது.

அந்த மூன்று நொடிக்குள் ஃபாரடேயின் இயற்பியல் இருக்கிறது, ஐம்பது ஆண்டுச் சங்கேதக் கணிதம் இருக்கிறது, சில சமயம் கடல் தாண்டிப் போய் வருகிற ஒரு செய்தியும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. சாப்பாடு பரிமாறுகிற மனிதரை நம்பலாமா என்று வாடிக்கையாளர் யோசிக்க வேண்டிய தேவையையே அது எடுத்துவிட்டது.

கார்டு பிறந்ததே சாப்பாட்டுக் கடையில்தான். 1950இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவகங்களில் காசு கொடுக்காமல் சாப்பிட்டுவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதற்கென்றே வந்தது. முதல் கார்டு பிளாஸ்டிக்கூட அல்ல, வெறும் அட்டை. அந்தப் பூர்வீகம் இன்றும் கார்டு எண்ணில் தெரியும். உலகத் தரவிதிப்படி எண்ணின் முதல் இலக்கம் எந்தத் துறை என்பதைச் சொல்கிறது. 3 என்றால் பயணமும் விருந்தும், 4, 5 என்றால் வங்கி. டைனர்ஸ் கிளப், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகள் இன்றும் 3இல்தான் தொடங்குகின்றன.

கடைசி இலக்கத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது வங்கி தன் இஷ்டத்துக்குக் கொடுத்த எண் அல்ல, மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. வலமிருந்து எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் அதன் இரு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தக் கூட்டுத்தொகை பத்தால் வகுபட்டால் எண் சரி. மென்பொருள் சோதிப்பவர்கள் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற மாதிரி எண்ணைப் போட்டுப் பாருங்கள்: இரட்டிக்காதவை எட்டு ஒன்றுகள், கூட்டினால் 8. இரட்டித்தவை ஏழு இரண்டுகளும் ஓர் எட்டும், கூட்டினால் 22. மொத்தம் 30. ஏதாவது ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும். 09, 90 என்று மாறினால் மட்டும் அதற்குத் தெரியாது. இது திருட்டைத் தடுக்க வந்ததல்ல, கைத்தவறைப் பிடிக்க வந்தது. திருட்டைத் தடுப்பது வேறு கதை.

அந்தக் கதை கார்டின் முதுகிலிருக்கும் கறுப்புப் பட்டையில் தொடங்குகிறது. 1960 வாக்கில் ஐ.பி.எம். பொறியாளர் ஃபாரஸ்ட் பேரி காந்த நாடாவை பிளாஸ்டிக்கில் ஒட்ட வழி தெரியாமல் திண்டாடியபோது, அவர் மனைவி டொரதியா துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிக் காட்டினார். நாடாவில் இருப்பது சொற்பம்தான். கடைகள் படிக்கும் தடத்தில் மொத்தமே 40 எழுத்துகள்: கார்டு எண், காலாவதித் தேதி, சில குறியீடுகள். கோளாறு அளவில் இல்லை. அந்த 40 எழுத்தும் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும், நாளையும் இருக்கும். மாறாத ஒன்றை யார் நகலெடுத்தாலும் நகலும் அசலும் ஒன்றே.

இதனால் உணவகம்தான் அதிகம் அடிபட்டது. துணிக்கடையில் கார்டு நம் கண்முன்னேயே இருக்கும். சாப்பாட்டுக் கடையில் பில் புத்தகத்துக்குள் கார்டை வைத்துக் கொடுப்போம், சர்வர் கல்லாவுக்கு எடுத்துப் போவார், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்புவார். அந்த ஐந்து நிமிடத்தில் சட்டைப் பைக்குள் அடங்குகிற கருவி ஒன்றில் யாரோ ஒருவர் கார்டை இழுத்துவிட்டால் போதும். உலகமெங்கும் இப்படி நடந்தது. செய்தவர்கள் சிலர், சந்தேகம் விழுந்தது மேசை துடைத்த எல்லோர் மீதும். பத்தாயிரம் பேருக்கு நேர்மையாகப் பரிமாறிய கைக்கும் அந்த ஒரு பார்வை கிடைத்துக்கொண்டே இருந்தது.

மாற்று பிரான்சிலிருந்து வந்தது. ரோலான் மொரேனோ 1974இல் நினைவகச் சில்லு பொருத்திய அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் சேர்ந்து 1990களில் ஒரு பொதுத் தரவிதியை வகுத்தன. இன்று நம் கார்டில் பொன்முலாம் பூசிய அந்தச் சிறு சதுரத்துக்கு அடியில் இருப்பது ஒரு முழுக் கணினி. அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. சாவி என்றால் ஒரு நீண்ட எண். அந்த எண் சில்லைவிட்டு வெளியே வருவதே இல்லை. மெஷினுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது, கார்டு வைத்திருக்கிற நமக்கும் தெரியாது. கார்டு கொடுத்த வங்கிக்கு மட்டும் தெரியும்.

640 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் சில்லிடம் சில விவரங்களைச் சொல்கிறது. தொகை பைசாக் கணக்கில் பன்னிரண்டு இலக்கமாகப் போகும்: 000000064000. நாணயம் 356, அது இந்திய ரூபாயின் எண். இன்றைய தேதி. கூடவே மெஷின் அந்தக் கணத்தில் தாறுமாறாகத் தேர்ந்தெடுத்த ஓர் எண். சில்லு தன் பங்குக்கு, இது தன்னுடைய எத்தனையாவது பரிவர்த்தனை என்ற எண்ணிக்கையையும் சேர்க்கிறது. எல்லாவற்றையும் தன் ரகசியச் சாவியோடு கலந்து கடைந்து, எட்டு பைட் நீளமுள்ள விடை ஒன்றை வெளியே கொடுக்கிறது. அதுதான் கையெழுத்து.

எட்டு பைட்டில் எழுதக்கூடிய வெவ்வேறு எண்கள் ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி கோடி. சாவி இல்லாதவர் சரியான விடையைக் குருட்டாம்போக்கில் சொல்லிவிட முடியாது. 640 ரூபாய்க்கு இன்று போட்ட கையெழுத்து அதே கடையில் அதே 640 ரூபாய்க்கு நாளை செல்லாது, ஏனென்றால் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும், மெஷின் கொடுத்த எண்ணும் மாறியிருக்கும். யாராவது அந்த எட்டு பைட்டைத் திருடிக்கொண்டு போனாலும் அவர் கையில் இருப்பது முடிந்துபோன ஒரு சாப்பாட்டின் ரசீது மட்டுமே. வங்கி தன் சாவியை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும், இரண்டும் ஒத்துப்போனால் இந்தச் சில்லேதான் இந்தத் தொகைக்கே சம்மதித்தது என்று தெரிந்துகொள்ளும். ரகசியத்தைச் சொல்லாமலே ரகசியம் தெரியும் என்று நிரூபிப்பது கணிதத்தின் மிக அழகான சாதனைகளில் ஒன்று. அது ஒரு பிரியாணிக் கடைக் கல்லாவில் நாள் முழுக்க நடக்கிறது.

பின் நம்பருக்கும் இதே அக்கறைதான். நாம் அழுத்துகிற நான்கு இலக்கம் மெஷினுக்குள்ளேயே பூட்டப்பட்டுத்தான் வங்கிக்குப் புறப்படுகிறது. ஒவ்வொரு முறைக்கும் வேறு பூட்டு. மெஷினைத் திறந்து பார்க்க முயன்றால், உள்ளே இருக்கும் மின்கம்பி வலை அறுந்ததும் சாவிகளைத் தானே அழித்துக்கொள்ளும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திருடிய கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு கருவியை வைத்து, எந்தப் பின் நம்பரை அழுத்தினாலும் சரியென்று மெஷினை நம்பவைக்க முடியும் என்று செய்தே காட்டினார்கள். அதைப் பின்பற்றிப் பிரான்சில் நிஜத் திருட்டும் நடந்தது. அதற்குப் பிறகு சரிபார்ப்பு இறுக்கப்பட்டது. குறையைக் கண்டவர்கள் அதை வெளிப்படையாக எழுதியதால்தான் இறுக்கவும் முடிந்தது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி இதில் கண்டிப்பாகவே நடந்துகொண்டது. 2013 டிசம்பர் முதல் கடைகளில் டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் கட்டாயம். காந்தப் பட்டை மட்டுமே உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள் சில்லு கார்டுகளாக மாற்றித்தர வங்கிகளுக்குக் கெடு விதித்தது. பின் நம்பரைக் கார்டுக்காரரே அழுத்த வேண்டும் என்றால் ஒன்று அவர் கல்லாவுக்கு எழுந்து போக வேண்டும், இல்லை மெஷின் அவரிடம் வர வேண்டும். சிம் கார்டு போட்ட கம்பியில்லா மெஷின் மேசைக்கு நடந்து வரத் தொடங்கியது இப்படித்தான். அமெரிக்காவில் சில்லு வந்த பிறகும் கார்டைச் சர்வரிடம் கொடுத்தனுப்பும் பழக்கம் பல இடங்களில் நீடித்தது. டிப்ஸ் தொகையைச் சீட்டில் பிறகு எழுதிக் கூட்டும் முறையும் அங்கே உண்டு. இந்த ஒரு விஷயத்தில் ஆம்பூர் முன்னே நிற்கிறது.

இனி பர்ஸுக்கு வருவோம். ஆம்பூர்ப் பக்கம் பர்ஸ் என்றாலே தோல்தான். பர்ஸைத் திறக்காமல் அப்படியே மெஷினில் வைத்தாலும் பல சமயம் பீப் சத்தம் வந்துவிடுகிறதே, எப்படி? கார்டில் பேட்டரி கிடையாது. மெஷினுக்குள் ஒரு கம்பிச் சுருள், கார்டின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே இன்னொரு மெல்லிய சுருள். மெஷின் தன் சுருளில் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை ஊசலாடும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அதனால் எழும் காந்தப்புலம் கார்டின் சுருளைக் கடக்கும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டது இது. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதே விதியால்தான். பிறந்த மின்சாரம் துளியூண்டு. ஆனால் சில்லு விழித்து, கணக்கைப் போட்டு, விடை சொல்ல அது போதும். விடை சொல்லும் விதம் இன்னும் விசேஷம். கார்டு தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. தான் இழுக்கிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அந்த அசைவை மெஷின் தன் சுருளில் உணர்ந்து எழுத்தாகப் படிக்கிறது. இந்த முறையில் தொடக்க வேகமே நொடிக்கு 1,06,000 பிட்.

தோல் ஏன் குறுக்கே நிற்கவில்லை? இங்கே பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோம் ஏற்றியது. குரோமியம் உலோகம், உலோகம் இந்தக் காந்தப்புலத்தை மறிக்கும். அப்படியானால் ஆம்பூர்ப் பர்ஸ் கார்டை மறைக்க வேண்டுமே என்று கேட்கலாம். விடை தோலின் உள்ளமைப்பில் இருக்கிறது. தோலின் உடம்பு கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு போன்ற அதன் வடிவத்தை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கண்டு சொன்னார்கள், பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு. தொட்டியில் ஏற்றும் குரோமிய உப்பு இந்த இழைகளின் அமிலக் கிளைகளில் போய்ப் பிணைந்துகொள்கிறது. அங்கே குரோமியம் தனித்தனி அயனியாகக் கட்டுண்டு கிடக்கிறதே தவிர உலோகத் தகடாக இல்லை. புலத்தை மறிக்க வேண்டுமானால் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் சுழன்றோட வேண்டும். பதனிட்ட தோலில் அந்த ஓட்டத்துக்கு இடமில்லை. ஆகவே புலம் தோலைக் கடந்து போகிறது. ‘ஆர்.எஃப்.ஐ.டி. பாதுகாப்பு’ என்று எழுதி விற்கும் பர்ஸுகளில் வேலை செய்வது தோல் அல்ல, உள்ளே வைத்துத் தைத்த உலோக இழை அல்லது அலுமினியத் தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் பர்ஸோடு கார்டைப் படித்துவிடுவாரோ என்ற பயம் பலருக்கு உண்டு. மெஷின் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் படிக்கும், காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்கு ஏற்பச் சரிந்துவிடுவதால். இரண்டு மூன்று கார்டுகள் ஒட்டியிருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பேச முயலும், மெஷின் ஒரே ஒரு கார்டைக் காட்டச் சொல்லும். காந்தக் கொக்கி வைத்த கைப்பைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வங்கிக் கார்டின் பட்டை வலுவாகக் காந்தமேற்றியது, எளிதில் அழியாது. சில்லை காந்தம் ஒன்றும் செய்யாது. தங்கும் விடுதி தருகிற, பட்டை வைத்த அறைச் சாவி அட்டை பலவீனமான காந்தம் கொண்டது, கொக்கியோடு ஒட்டியிருந்தால் கதவு திறக்காமல் போகலாம்.

கையெழுத்து கிடைத்துவிட்டது. அடுத்து, அது வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். மெஷின் முதலில் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகியவற்றில் ஒன்றின் வலையமைப்புக்கு, அங்கிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு. இவை பேசிக்கொள்ள ஐ.எஸ்.ஓ. 8583 என்ற பொதுமொழி இருக்கிறது. அதில் கடையின் வகைக்கும் ஓர் எண்: உணவகம் 5812, மது அருந்தும் பார் 5813, பாட்டில் விற்கும் மதுக்கடை 5921. மாதக் கணக்கில் ‘உணவுச் செலவு’ என்று வங்கி பிரித்துக் காட்டுவது இந்த எண்ணை வைத்துத்தான். பதிலும் இரண்டே இலக்கம். 00 என்றால் சம்மதம். 51 என்றால் பணம் போதாது. 55 என்றால் பின் நம்பர் தவறு. 91 என்றால் வங்கியின் கணினி எட்டவில்லை. ஷூ வாங்க வந்த ஜெர்மானியரின் கார்டாக இருந்தால் கேள்வி ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய் வர வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போவதால் ஒருவழிப் பயணத்துக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நாம் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கடைக்குள் சிக்னல் தேடுவதிலேயே கழிகிறது. தகரக் கூரைக்கும் தடித்த சுவருக்கும் நடுவே சர்வர் மெஷினை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடிப்பது அதனால்தான்.

தகராறு வருவதும் இந்த இடத்தில்தான். கேள்வி போய்விட்டது, வங்கி பணத்தைக் கழித்துவிட்டது, பதில் திரும்பும் வழியில் சிக்னல் அறுந்துவிட்டது. வாடிக்கையாளரின் போனில் ‘640 ரூபாய் கழிக்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி, கடையில் சீட்டு வரவில்லை. இருவர் சொல்வதும் உண்மை. பதில் வராவிட்டால் ‘முந்தையதை ரத்து செய்’ என்ற செய்தியை மெஷின் தானே பிறகு அனுப்பும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, சீட்டு வராமல் கழிந்த பணம் ஐந்து நாளுக்குள் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, புகார் கொடுக்காமலே. இதைக் கல்லாவில் எழுதி ஒட்டினால் பாதிச் சண்டை குறையும்.

கியூ.ஆர். அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இன்று பாதிக் கூட்டம் அதில்தான் கட்டுகிறது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டையும் யு.பி.ஐ. வழியே அதில் பயன்படுத்தலாம். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா 1994இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது இது. மூன்று மூலைச் சதுரங்களில் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சடித்த தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எதுவென்று தேடிப் பார்த்து எடுத்தது. மேசையில் ஒட்டிய அட்டையில் சால்னா தெறித்திருந்தாலும் போன் படித்துவிடுகிறதே, அது ரீட், சாலமன் என்ற இருவர் 1960இல் எழுதிய கணிதம். ஒரு நேர்கோட்டைச் சொல்ல இரண்டு புள்ளி போதும். ஐந்து புள்ளி கொடுத்து வைத்தால் ஒன்று கறைபட்டாலும் மற்றவை கோட்டைக் காட்டிக்கொடுக்கும். இப்படிக் கூடுதல் புள்ளிகளைச் சேர்த்தே அச்சடிப்பதால், உச்சத் தரத்தில் 30 சதவீதம் வரை கெட்டாலும் முழுச் செய்தியும் மீளும்.

அந்த அட்டைக்குச் சில்லின் பலம் மட்டும் கிடையாது. அது காகிதத்தில் உறைந்த முகவரி, மாறாதது. அதன் மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டால் பணம் வேறு கணக்குக்குப் போகும். கட்டியதாகப் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. கல்லாவில் தொகையை உரக்கச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி அதற்காக வந்ததே.

சாப்பிடப் போகிறவர்களுக்கு: கார்டு கையைவிட்டுப் போக வேண்டாம், மெஷினை மேசைக்குக் கேளுங்கள். சில்லை யாரும் நகலெடுக்க முடியாது, ஆனால் கார்டில் அச்சடித்த எண்ணையும் பின்புற மூன்று இலக்கத்தையும் படமெடுக்க ஒரு கணம் போதும், ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டுத் தளங்களும் உள்ளன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் அணைத்து வையுங்கள். தட்டிக் கட்டுவதற்குப் பின் நம்பர் கேட்காத வரம்பு 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய், அதையும் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம். பின் நம்பரைச் சர்வரிடம் வாயால் சொல்லாதீர்கள். சொன்னால் அவரையும் சேர்த்தே சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள்.

ஹோட்டல் முதலாளிகளுக்கு ஒரே வேண்டுகோள். சீட்டு வராமல் போன பில்லை அன்று மேசை பார்த்த பையனின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அந்தப் பணம் எங்கே நிற்கிறது என்பதற்கு மெஷினிலும் வங்கியிலும் பதிவு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.